ஒரு சதவீதத்துக்கும் கீழே

நாரை-6ஐக் கொன்றது பொற்கொடிதான். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், மேசையில் வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எட்டு வருடமாக அவள் எழுதிச் சேர்த்த பதினோராயிரம் வரிகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். சந்தோஷமாகக்கூட இருந்தது.

நாரை-6 ஓர் உலாவி. இணையப் பக்கத்தைத் திறந்து காட்டும் மென்பொருள். அந்த நகரத்தில் எல்லாப் பொருளுக்குள்ளும் ஏதோ ஓர் உலாவி இருந்தது. லிஃப்டுக்குள், பஸ் கதவுக்குள், தெருக்குழாய்க்குள். எது இயங்குவதானாலும் முதலில் மாநகராட்சியின் பக்கத்தைத் திறந்து, எதிரில் நிற்பவரின் மணிக்கட்டுப் பட்டையிலிருந்து குடிமகன் எண்ணை எடுத்துக் கொடுத்து, இவர் உயிரோடு இருக்கிறார், இந்த ஊர்க்காரர்தான் என்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் இயங்கும். பொதுக் கழிப்பறைத் தாழ்ப்பாளும் அப்படித்தான். அவசரமாகப் போனவர்கள் பக்கம் திறக்கும்வரை வாசலில் ஆடிக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்க்கலாம்.

அந்தப் பக்கங்களை வடிவமைத்த ஒப்பந்த நிறுவனத்தில் பொற்கொடி வேலை பார்த்தாள். வயது முப்பத்தாறு. தனியாக இருந்தாள். புதிய உலாவிகள் சொன்னதைக் கேட்கும். நாரை-6க்கு இடப்பக்கம் வை என்றால் வலப்பக்கம் வைக்கும், வலப்பக்கம் வை என்றால் எதையும் வைக்காது. அதற்கென்று ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாம் முறை எழுத வேண்டும். போதாததற்கு அதில் ஓட்டை வேறு. எழுதிய எண்ணை அழித்த பிறகும் மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு.

அந்த மாதம் மேலதிகாரி ரங்கபாஷ்யம் புதிதாக ஒரு விதி எழுதினார். எந்த உலாவியின் பயனர்கள் வாரக் கணக்கில் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்கிறார்களோ, அதற்கு இனி ஆதரவு கிடையாது. ரங்கபாஷ்யம் ஐம்பதை நெருங்கும் மனிதர். அவர் பெயருக்கும் அவருடைய டிபன் பாக்ஸுக்கும் சம்பந்தம் இருக்காது. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"நாலு லட்சம் பேர்ல வாரத்துக்கு ஏழெட்டுப் பேர்," என்று திரையைக் காட்டினார். "இதைப் பாரு. வந்தவன் ஒருத்தன்கூட ரெண்டாவது தடவை வரல. பத்து வருஷத்துல ஒருத்தன்கூட. எவனும் கருத்து எழுதல, ஒரு ஸ்டார் குடுக்கல. நம்ம சைட் அவங்களுக்குப் பிடிக்கலம்மா."

"யாரு சார் இவங்க?"

"எவனோ பழைய மெஷினைக் கட்டிக்கிட்டு அழறவன். புதுசு வாங்கட்டும். எடுத்துரு."

எடுத்துவிட்டாள். நாரை-6இல் இனிமேல் எண்ணைக் கேட்கும் முதல் பக்கம் மட்டும் திறக்கும். அடுத்ததாக, சிறகை அசைத்துச் சிரிக்கும் ஒரு பறவை வரும். அதன் கீழே அவளே யோசித்து எழுதிய வாசகம்: 'உங்கள் உலாவி காலாவதியாகிவிட்டது. சிறந்த அனுபவத்துக்குப் புதுப்பித்துக்கொண்டு மீண்டும் வாருங்கள்.' எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், உதவிக்கு என்று அவளுடைய எண்.

மறுநாள் காலை ஏழரைக்குப் போன் வந்தது.

"வணக்கம். கழுவெளி நகர்லேர்ந்து வேதநாயகி பேசறேன். லைன்ல இருக்கீங்களா?" ரிடையரான டெலிபோன் ஆபரேட்டர் என்பது குரலிலேயே தெரிந்தது.

"சொல்லுங்கம்மா."

"ப்ரௌசரைப் புதுப்பிச்சுட்டு மறுபடி வாங்கன்னு வருது."

"அப்ப புதுப்பிச்சுட்டு வாங்கம்மா."

"என்னால முடியாது."

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"வீட்டுக்காரர் இருக்கார்."

"அவர்கிட்ட போனைக் குடுங்க."

"அவர் பேசற நிலைமையில இல்ல."

"உடம்பு சரியில்லையா?"

"நேத்து காலைல ஆறரைக்கு இறந்துட்டார். அவர் விஷயமாத்தான் பேசறேன்."

எட்டு வருடப் பழக்கம் நாக்கிலேயே இருந்தது. "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க," என்றாள் பொற்கொடி.

"யாரை?" என்று கேட்டார் வேதநாயகி.

*

கழுவெளி நகர் மின்மயானம் வட்டத்தின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. வியாழக்கிழமை பொற்கொடி போனபோது வாசலில் மூன்று ஐஸ் பெட்டிகள், மூன்று கூட்டம் உறவினர். உலையை இயக்கும் எட்டியப்பன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பறவை படம் போட்டது நீதானாம்மா?"

"ஆமா."

"நல்லாக் கீது. வர்றவங்கோ அத்தப் பாத்துட்டு என்னை அடிக்க வர்றாங்கோ."

உலையின் பக்கவாட்டில் பாஸ்புக் அளவுக்கு ஒரு திரை. அதில் பறவை சிறகை அசைத்துக்கொண்டிருந்தது. எதிரில் நின்ற ஒரு பெரியவர் அதைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"அடுப்பு நல்லாக் கீது. கரண்டு கீது. நான் கீறேன். பொணம் கீது," என்று விரல்விட்டுச் சொன்னார் எட்டியப்பன். "உன் பக்கந்தான் இல்ல. செத்தவங்க நம்பரு அங்க பதிவானாத்தான் இது பத்தும்."

"புது மெஷின் கேக்கலாமே."

"யார்கிட்ட? இத்தச் செஞ்ச கம்பெனி மூடி பன்னண்டு வருசம் ஆச்சு. அந்த நாரையத் தனியா கழட்ட முடியாது, இரும்போட இரும்பா வச்சு அனுப்பிட்டான். புதுசுக்கு டெண்டரு வுட்டா மூணு வருசமாம். அதுவரிக்கும் இவுங்கள இன்னா, உப்புப் போட்டு ஊற வைக்கட்டா?"

"வேற வட்டத்துல கொண்டுபோய்..."

"அந்த வட்டத்து ஆளுக்குத்தாம்மா அங்க பத்தும். பொதைக்கலாம்னு பாத்தா, குழி வெட்ற மெசினுக்குள்ளயும் உன் பக்கந்தான் குந்திக்கினு கீது. இது உன் வட்டத்து ஆளு இல்லன்னுது."

பொற்கொடி திரையைப் பார்த்தாள். வாரத்துக்கு ஏழெட்டுப் பேர். ஒருவரும் இரண்டாவது முறை வருவதில்லை. ஒருவரும் கருத்து எழுதுவதில்லை. அந்தப் புள்ளிவிவரத்தை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பயனர்களின் ஈடுபாடு குறைவு என்று அறிக்கையில் எழுதியும் இருக்கிறாள்.

மூன்றாவது பெட்டியின் பக்கத்தில், பருத்திப் புடவையும் கைப்பையுமாக நின்ற அம்மாள் அவளிடம் வந்தார்.

"வேதநாயகி," என்றார். "குரலை வச்சே கண்டுபிடிச்சுட்டேன். இவர்தான் அப்பாதுரை. கணக்கு வாத்தியார்."

"வணக்கம்," என்றாள் பொற்கொடி, பெட்டியைப் பார்த்து.

*

"திருப்பிப் போடணும் சார்," என்றாள் வெள்ளிக்கிழமை.

ரங்கபாஷ்யம் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முடியாது. விதியை நான் எழுதினேன், ஆனா இப்ப அதை நடத்தறது சிஸ்டம். ஒண்ணுக்குக் கீழ இருந்தா நாம கேட்டாலும் திறக்காது. அந்த ஃபார்ம்ல காரணம் எழுத இடமே கிடையாது."

"பொணம் கிடக்குது சார். வாசல்ல."

"புரியுது. நீயும் ஒண்ணு புரிஞ்சுக்க. அந்த ப்ரௌசர்ல இருக்கற ஓட்டை சின்ன ஓட்டை இல்ல. அதுல ஒரு நம்பர் தப்பாப் போச்சுன்னா உயிரோட இருக்கறவன் செத்தவனாயிடுவான். அப்புறம் அவனுக்கு லிஃப்ட் நிக்காது, பஸ் நிக்காது. ஊர்ல ஒரு கதவு திறக்காது. செத்தவனைக் காக்க வைக்கலாம். இருக்கறவனைக் காக்க வைக்க முடியுமா?"

"இதுவரைக்கும் அப்படி நடந்ததே இல்லயே."

"நடக்கறதுக்கு ஒரு தடவை போதும்."

"அதுக்காக ஒரு ஓட்டை இருக்குன்னு வீட்டையே இடிக்கறதா? எட்டு வருஷமா அந்த ஓட்டையை நான் அடைச்சுத்தானே வச்சிருந்தேன்? நான் சேர்ந்த முதல் வாரமே அந்த வேலையைத்தான் குடுத்தீங்க. ஒவ்வொரு ஆளுக்கு அப்புறமும் நம்பர் அடிக்கற பெட்டியைத் துடைன்னு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எத்தனை காலத்துக்குத் துடைப்ப?" என்றார். பேச்சு முடிந்தது.

அதற்குள் கழுவெளி நகரில் வேறு காரியங்கள் நடக்கத் தொடங்கியிருந்தன. தொடர்ந்து நாலு நாள் மரணமே பதிவாகாததால், சுகாதாரத் துறையின் கணினி தானாகவே 'மரணமில்லா வட்டம்' என்று ஒரு நற்சான்றிதழை அச்சடித்து அனுப்பியது. கவுன்சிலர் சம்பத் அதைப் பெரிதாக்கி, தன் படத்தையும் சேர்த்து, மெயின் ரோட்டில் பேனர் வைத்தார். பேனருக்குக் கீழே ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டிகள் போய்வந்தன. மற்ற வட்டத்துக்காரர்கள் ஆம்புலன்ஸில் மாமியாரைப் படுக்க வைத்துக்கொண்டு வந்து கழுவெளி நகரில் வீடு காலியிருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

வேதநாயகி தினமும் ஏழரைக்குப் போன் செய்தார். அழவில்லை, திட்டவில்லை. தகவல் மட்டும் சொன்னார்.

"இன்னிக்கு அவருக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கு. தேர்தல் ட்யூட்டி. ரெண்டு வாரம் கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை பூத்துல உக்காரணுமாம். ஆள் பத்தலையாம், அதனால ரிடையர் ஆனவங்களையும் கூப்பிடறாங்களாம்."

"அவர் இறந்துட்டார்னு சொல்லுங்கம்மா."

"சொன்னேன். பதிவுல இல்லையேங்கறாங்க. வரலைன்னா சஸ்பெண்ட் பண்ணுவாங்களாம். ரிடையர் ஆனவரை எதுலேர்ந்தும்மா சஸ்பெண்ட் பண்றது?" சற்று நிறுத்தினார். "முப்பத்தேழு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்ல அவர். படுத்திருக்கறப்ப வாங்கப் போறார்."

போனை வைத்தபோது பொற்கொடிக்கு வந்ததை இரக்கம் என்று சொல்ல முடியாது. எரிச்சல்தான். சிறந்த அனுபவம் என்று எழுதிய கை தன்னுடையது என்ற எரிச்சல். பிறகு கால்குலேட்டரை எடுத்தாள்.

விதி, ஒரு சதவீதம் வேண்டும் என்றது. நாலு லட்சத்தில் ஒரு சதவீதம் நாலாயிரம். பறவையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாலும் வருகை வருகைதான். அவர்கள் செத்தவர்களாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை.

*

பொற்கொடி சொல்லியனுப்பியபடி, சனிக்கிழமை காலை மயானத்துக்கு முதல் ஆள் வந்தார். அடுத்த நாள் வரிசை தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. திங்கட்கிழமை மயானத்துக்குள் பெண்களுக்குத் தனி வரிசை போட வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். உலையின் பக்கவாட்டுத் திரையில் தன் எண்ணை அடிக்க வேண்டும், பறவை வந்ததும் நகர்ந்துவிட வேண்டும். அதற்கே ஒருவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. நாரை-6 அவ்வளவு மெதுவாகத்தான் நகரும்.

"நான் எதுக்குய்யா என் நம்பரை இதுல போடணும்?" என்று முதல் நாள் ஒருவர் மறித்தார்.

"எப்டியும் ஒருநா போடத்தானே போறாங்கோ," என்றார் எட்டியப்பன். "இன்னிக்கி நீயே நின்னுக்கினு போடு. அன்னிக்கி உன்னால முடியாது."

"அபசகுனமாப் பேசாத."

"பின்ன அந்தாண்ட போ. உன்னிய வீட்லயே வச்சுப்பாங்கோ. நடுக்கூடத்துல. டிவிக்குப் பக்கத்துல."

அவர் போட்டார். அவர் மனைவியும் போட்டார். வெயிலுக்கு யாரோ மோர்ப் பானை வைத்தார்கள். ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் மண்டபத்துக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, நலங்கு மஞ்சளோடு இறங்கி எண்ணைப் போட்டுவிட்டுப் போனது. மாப்பிள்ளையை மட்டும் இறங்க விடவில்லை.

செவ்வாய்க்கிழமை கவுன்சிலர் சம்பத் இரண்டு காரில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"யாரைக் கேட்டு இதைப் பண்றீங்க? மரணமில்லா வட்டம்னு கவர்ன்மெண்ட்டே குடுத்திருக்கு. எலெக்‌ஷன் முடியற வரைக்கும் ஒருத்தர் சாகக் கூடாது, சொல்லிட்டேன்."

"செத்தாச்சுங்க," என்றார் வேதநாயகி. "எரிக்கத்தான் முடியல."

சம்பத் பதில் சொல்லத் திரும்பினார். அப்போதுதான் வரிசையை முழுதாகப் பார்த்தார். அறுநூறு பேர், வெயிலில், ஒரே திசையைப் பார்த்து நின்றார்கள். அத்தனை பேரும் அவருடைய வட்டத்து வாக்காளர்கள். அவர் முகம் மெல்ல மாறியது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகத் திரைக்குப் போய், போட்டோ எடுக்கச் சொல்லி, தன் எண்ணை அடித்தார். பறவை சிறகை அசைத்தது. அவரும் பதிலுக்குக் கையசைத்தார்.

அலுவலகத்தில் வளர்ச்சிப் பிரிவுக்காரர்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நாரை-6 இளைஞர்களிடையே திடீரென்று பரவுகிறது, காரணம் புரியவில்லை, அதற்கென்று தனி விளம்பரம் தயாரிக்கலாமா என்று கேட்டார்கள். ரங்கபாஷ்யம் பொற்கொடியை மட்டும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை பதினொன்றே காலுக்கு எண்ணிக்கை நாலாயிரத்தைத் தாண்டியது. சிஸ்டம் தன் விதிப்படி நாரை-6க்கு ஆதரவை மீட்டது. திரையில் பறவை போய், பழைய சாம்பல் நிறப் பக்கம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மயானத்தில் அது கொஞ்சம் வினோதமாகத்தான் கேட்டது.

எந்த வடிவமைப்பாளரும் செய்வதைத்தான் பொற்கொடியும் செய்தாள். பக்கம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று தன் எண்ணைப் போட்டுச் சோதித்தாள். திறந்தது. எண்ணை அழித்தாள்.

"வாங்க," என்றாள் வேதநாயகியிடம்.

எட்டியப்பன் அப்பாதுரையின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசித்து அடித்தார். திரை யோசித்தது. பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே உலை பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கதவு மூடியதும் வேதநாயகி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பதினோரு நாள்," என்றார். "இவ்வளவு நாள் அவர் எங்கேயும் காத்திருந்ததில்ல. சினிமாவுல இன்டர்வெல் வந்தாலே எழுந்து வந்துடுவார்."

*

திங்கட்கிழமை காலை பொற்கொடி ஐந்தாவது மாடியில் லிஃப்டுக்காக நின்றாள். லிஃப்ட் வந்தது, ஆனால் திறக்கவில்லை. கதவின் திரையில் குத்துவிளக்கு ஒன்று எரிந்தது. 'இந்த எண்ணுக்குரியவர் காலமானார். ஆழ்ந்த இரங்கல்.'

அவள் வடிவமைத்த பக்கம்தான் அது. விளக்கு கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருப்பதாகப் பட்டது. அதன் பிறகுதான் விஷயம் உறைத்தது.

பதினோராயிரம் வரிகளை அவள் அழித்தபோது, பெட்டியைத் துடைக்கும் ஒன்பது வரிகளும் அதில் போயிருந்தன. சிஸ்டம் பக்கத்தைத்தான் மீட்டது. அவள் அடைத்து வைத்திருந்ததை மீட்கவில்லை. நாரை-6 அழித்த எண்ணை மறக்கவில்லை. திரையில் அப்பாதுரையின் எண்ணைக் காட்டியபடி, கடைசியாக மனதில் வைத்திருந்ததை அனுப்பிவிட்டது. வார விடுமுறை என்பதால் அந்தப் பதிவு திங்கட்கிழமை விடிகாலைதான் ஊரெங்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

படியில் இறங்கினாள். மூன்றாவது மாடியில் அண்ணன் மணவாளன் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். அரக்கோணத்திலிருந்து முதல் ரயில் பிடித்திருக்கிறார். கையில் ரோஜா மாலை.

"உயிரோடதான் இருக்கியா?" என்றார்.

"பாத்தா எப்படித் தெரியுது?"

"நீ போயிட்டேன்னு மெசேஜ் வந்துது. போன் பண்ணா எடுக்கல."

"போனும் செத்துப்போச்சு. எடுக்கலன்னா உடனே மாலையா?"

"ஸ்டேஷன்ல வாங்கினேன். உன் ஏரியால கிடைக்குதோ கிடைக்கலையோ." மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் படிக் கைப்பிடியில் மாட்டினார். "சாப்டியா?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டுக் கீழே வந்தாள். வாசலில் வேதநாயகி சான்றிதழோடு நின்றுகொண்டிருந்தார். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் பொற்கொடி என்று அச்சாகியிருந்தது.

"உன் பேர்ல எரிச்சிருக்காங்கம்மா," என்றார். "அவர் இன்னும் இருக்கார்."

"ரிப்போர்ட் பண்ணிடறேன்மா. ரெண்டையும் மாத்திடலாம்."

"எப்ப மாத்துவாங்க?"

"தெரியல."

வேதநாயகி கைப்பையைத் திறந்து ஒரு மணிக்கட்டுப் பட்டையை எடுத்தார். பழைய பட்டை. உள்பக்கம் வியர்வை பட்டுக் கறுத்திருந்தது.

"எரிக்கறதுக்கு முன்னாடி கழட்டிக் குடுத்தாங்க. அவர் நம்பர் சும்மாதானே கிடக்கு. அதுவரைக்கும் நீ கட்டிக்கோ. வீட்டுக்குப் போகணும், குளிக்கணும், தண்ணி பிடிக்கணும் இல்லையா?"

பொற்கொடி கட்டிக்கொண்டாள். பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. 'வணக்கம் ஐயா. மூத்த குடிமக்களுக்கான இருக்கை வலப்பக்கம்,' என்றது. நின்றுகொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பொற்கொடி வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை பூத் ட்யூட்டியும் இருக்கு, மறந்துடாத," என்று ஜன்னல் வழியாகச் சொன்னார் வேதநாயகி.

*

அலுவலகத்தில் மாத அறிக்கை அவளுக்காகக் காத்திருந்தது. நாரை-6க்குப் பொறுப்பானவர் என்ற முறையில் அவள்தான் நிரப்ப வேண்டும். கேள்வி ஒன்று: 'பழைய உலாவியின் வழியே தவறான மரணப் பதிவு ஏதும் நேர்ந்ததா?' ஆம். இல்லை.

ஆம் என்ற இடத்துக்குப் போன விரலை ரங்கபாஷ்யத்தின் குரல் நிறுத்தியது. அவர் பின்னால் நின்றார்.

"அதை அடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா?"

"என் பேரு திரும்பி வரும். அப்பாதுரை சாவார்."

"கீழ சின்ன எழுத்துல இருக்கறதைப் படி."

படித்தாள். ஒரே ஒரு பதிவு தவறென்று உறுதியானாலும், அந்த உலாவி பதிந்த எல்லா மரணங்களும் செல்லாதவை ஆகும்.

"பத்து வருஷத்துல மூவாயிரத்து எழுநூறு பேர்," என்றார் ரங்கபாஷ்யம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அத்தனை பேரும் எழுந்து வந்துடுவாங்க. மறு கல்யாணம் பண்ணிக்கிட்டவளுக்குப் பழைய புருஷன் வந்துடுவான். அப்பா பேர்ல இருந்த வீட்டை மாத்தி மூணு பேர் பிரிச்சுக்கிட்டிருப்பாங்க, அப்பா திரும்ப வந்துடுவார். சாம்பலைக் கரைச்சாச்சு, ஒருத்தரையும் மறுபடி எரிச்சுப் பதிய முடியாது. அந்த அடுப்பும் அன்னிக்கே நிரந்தரமா அணைஞ்சுடும்."

"இதெல்லாம் எப்படி சார் உங்களுக்குத் தலைகீழாத் தெரியுது?"

"நீ சேர்றதுக்கு முன்னாடி இந்த ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன். ஒவ்வொரு மாசமும் ஆம்னு அடிக்கலாம்னு உக்காருவேன். இல்லைன்னு அடிச்சுட்டு எழுந்திருப்பேன்."

பொற்கொடி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நானும் கழுவெளி நகர்தான். எங்க மாடில ஒருத்தர் குடியிருந்தார். தனிக்கட்டை. நாப்பது வயசுல போயிட்டார். தூக்கிட்டுப் போக நாங்க நாலு பேர்தான். அங்க போனா நம்பர் கேட்டுது. என் நம்பரைக் கேக்குதுன்னு நினைச்சு அடிச்சுட்டேன். அப்புறம் சுதாரிச்சு அழிச்சுட்டு அவரோடதை அடிச்சேன்." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "அவர் பேரு ரங்கபாஷ்யம். பரவால்ல, நல்ல மனுஷன். அவர் பேர்ல ஒரு கெட்ட பேரும் இல்ல."

"அதனாலதான் அந்த ஒரு சதவீத விதி."

"ஓட்டைன்னு சொல்லி மூடினா ஆம்னு அடிக்கணும். ஆள் கம்மின்னு மூடினா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"நாரை-6ல வர்றது அந்த அடுப்புதான்னு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்தான். எனக்கு நடந்தது இன்னொருத்தனுக்கு நடக்கக் கூடாதுன்னு நினைச்சேன். பொணத்தைப் பத்தி யோசிக்காம இல்ல. வாரத்துக்கு ஏழெட்டுப் பேர்தானேன்னு விட்டுட்டேன்." குரலில் மன்னிப்பு கேட்கும் தொனி எதுவும் இல்லை. "இப்ப நீ நாலாயிரம் பேரைக் கூட்டித் திறந்துட்ட. அதுல மாட்டின முதல் ஆள் நீ. உன் இஷ்டம், எதை வேணா அடி. நான் தடுக்க மாட்டேன்."

அந்த மனிதனை அறைய வேண்டும்போல இருந்தது அவளுக்கு. கூடவே, அவரைப்போல எத்தனை மாதம் தன்னால் உட்கார்ந்து எழுந்திருக்க முடியும் என்றும் யோசித்தாள். இன்னும் ஏழு ஐஸ் பெட்டிகள் வரிசையில் இருப்பதாக எட்டியப்பன் சொல்லியிருந்தார்.

முதலில் அந்த ஒன்பது வரிகளைத் திரும்ப எழுதினாள். ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் பெட்டியைத் துடை. எழுதியதை இரண்டு முறை சோதித்தாள், இந்த முறை பொய்யான ஓர் எண்ணை வைத்து. அதன் பிறகு அறிக்கைக்கு வந்து 'இல்லை' என்பதை அழுத்தினாள். கையொப்பம் என்ற இடத்தைப் பட்டையே நிரப்பிக்கொண்டது. ஆ. அப்பாதுரை, வயது எழுபத்தொன்று.

"ரிடையர் ஆனவரை வேலைல வச்சுக்க முடியாதே," என்றார் அவர். "ஆலோசகர்னு போட்டுக்கறேன்."

"உங்க பேரு என்ன சார்?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

அவர் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார்.

"சூசைமாணிக்கம்," என்றார்.

அவள் ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு தன் பெயரையும் சொன்னாள், அவருக்கு அது முன்பே தெரியும் என்றாலும். இரண்டையும் அவர்கள் எங்கேயும் பதியவில்லை.